மசக்கை வாந்தியா? வெடியால எந்திரிக்கிறதுல இருந்து என்னென்ன பண்ணலாம்

"மசக்கைன்னா அப்புடித்தான் அம்மிணி, நாங்கெல்லாம் புள்ள பெக்கலியா, பொறுத்துக்கோ"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. பொறுத்துக்கோணும்னு ஒண்ணும் இல்லீங்க, வாந்தி வர்றதுக்கு முந்தியே வயித்த கவனிச்சுட்டா நெறைய பேருக்கு கொறையும், அப்புடியும் நிக்கலீன்னா மாத்திரை இருக்குது.

கடைசி பீரியட்ஸ் தேதில இருந்து எண்ணுனா ஆறாவது வாரம் வாக்குல ஆரம்பிக்கும், 8-10 வாரத்துல உச்சத்துக்கு போகும், 12-14 வாரத்துல பல பேருக்கு அடங்கிரும், சில பேருக்கு அஞ்சாம் மாசம் வரைக்கும் இழுக்கும். காரணம் ஹார்மோன்தான். ஜிடிஎஃப்15-னு ஒரு ஹார்மோன் கரு, நஞ்சுக்கொடி பக்கமிருந்து ரத்தத்துல கலந்து மூளைல வாந்திய தூண்டற எடத்த தொடுது, முழுகாம இருக்கறதுக்கு முந்தி இது ஒடம்புல கம்மியா இருந்தவங்களுக்கு பாதிப்பு ஜாஸ்தின்னு 2023ல வந்த ஆராய்ச்சி சொல்லுது. அதனால "உனக்கு மட்டும் என்ன இத்தன அலப்பறை"ன்னு யாராச்சும் கேட்டா கண்டுக்காதீங்க.

1. படுக்கைலயே ஆரம்பிங்க. ராத்திரியே தலமாட்டுல ரஸ்க்கோ பொரியோ ஒரு டப்பால வெச்சுக்கோங்க. வெடியால கண்ணு முழிச்சதும் எந்திரிக்காம ரெண்டு வாய் மென்னுட்டு, கொஞ்ச நேரம் படுத்திருந்து அப்பறமா மெதுவா எந்திரிங்க. வெறும் வயித்துல காப்பி வேண்டாங்க.

2. வயிறு காலியா கெடக்கக்கூடாது, ரொம்பவும் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சூண்டு: ஒரு இட்லி, ரெண்டு சந்தகை, தயிர்சாதம், பொரிகடலை. அரிசிம்பருப்பு சோறு புடிச்சா தாராளமா சாப்புடுங்க, ஆனா சூடா இருந்தா பூண்டு வாசம் தூக்கும், ஆறுனா வாசம் கம்மி. தாளிக்கிற வேலைய ஊட்டுக்காரரு கிட்ட தள்ளி உடுங்க, அவரு தாளிச்சா சட்டி ஒண்ணும் ஒடஞ்சிராது. சத்தா சாப்புடோணும்னு இந்த நேரத்துல வதைச்சுக்காதீங்க, எது உள்ள நிக்குதோ அதுதான் இப்போதைக்கு சத்து.

3. தண்ணி சோத்தோட சேத்து குடிக்காம நடுவுல ஒவ்வொரு மொடக்கா. மோரு, எளநீ, உப்பும் சக்கரையும் போட்ட எலுமிச்சந்தண்ணி, எதுவுமே நிக்கலீன்னா ஓஆர்எஸ்.

4. இஞ்சி நெசமாவே ஓரளவு கேக்கும். தட்டிப்போட்டு கொதிக்கவெச்ச தண்ணியோ சுக்கு மல்லி காப்பியோ அளவா குடிங்க. நெஞ்செரிச்சல் வந்தா உட்டுருங்க.

5. வாந்தி எடுத்தா உடனே பல்லு வெளக்காதீங்க, வாந்தில வர்ற ஆசிட்ல எளகிப்போன பல்லு தேயும். வாய நல்லா கொப்புளிச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு வெளக்குங்க.

6. அப்பவும் முடியலையா, டாக்டர் கிட்ட கேளுங்க. டாக்ஸிலமினும் வைட்டமின் பி6ம் சேந்த மாத்திரை பல வருசமா கர்ப்பிணிகளுக்கு குடுக்கறதுதான், தூக்கம் மட்டும் வரும். தானா மெடிக்கல்ல வாங்காதீங்க. இரும்புச்சத்து மாத்திரைக்கு அப்பறம் குமட்டுச்சுன்னா அதையும் சொல்லுங்க, நேரத்த மாத்தியோ கொஞ்ச நாள் தள்ளியோ குடுப்பாங்க. ஃபோலிக் ஆசிட்ட மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. (மண்ணு, திருநீறு, பச்சரிசி திங்கோணும்னு ஆசை வந்தாலும் மறைக்காதீங்க, ரத்தசோகையா இருக்கலாம்.)

7. இதுக்கெல்லாம் நாள் பாக்காம உடனே கெளம்போணும்: ஒரு நாள் முச்சூடும் தண்ணிகூட நிக்கல, ஒண்ணுக்கு கொறஞ்சு அடர் மஞ்சளா போகுது, எந்திரிச்சா கண்ணு இருட்டுது, எடை 5% எறங்கிருச்சு (50 கிலோ இருந்தவங்க 47.5), வாந்தில ரத்தம், காய்ச்சல், அடிவயித்து வலி, ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரில ஒண்ணுக்குல கீட்டோன் (சோறு எறங்காம ஒடம்பு கொழுப்ப கரைக்கறப்ப வர்றது) இருக்குதான்னு பாத்து ட்ரிப்ஸ் ஏத்துவாங்க. வண்டி இல்லீன்னா 108. எத்தனாவது வாரம், நேத்துல இருந்து எத்தன தடவ வாந்தி, கடைசியா எப்ப ஒண்ணுக்கு போனீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிட்டு போங்க, அங்க போனதும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க.