ஷெல் ஸ்கிரிப்டில் ஃபோல்டர் மாறிப் போய்த் திரும்ப

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையின் பில் பேக்கப்புக்கு நான் எழுதிய ஸ்கிரிப்டில், 'சிடி' (cd, ஃபோல்டர் மாறும் கட்டளை) போகவேண்டிய ஃபோல்டரே இல்லாமல் போக, அடுத்த வரியில் இருந்த 'ஆர்எம்' (rm, ஃபைல்களை அழிக்கும் கட்டளை) நின்ற இடத்திலேயே ஓடி அன்றைய பில்களை அழித்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு சிடிக்குப் பின்னாலும் || போட்டு 'எக்ஸிட் 1' (exit 1) எழுதிவிடுகிறேன்; சிடி தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

சரி, திரும்பி வருவது? 'சிடி -' முந்தைய இடத்துக்குக் கொண்டுவிடும், ஆனால் ஒரு படிதான் அதற்கு நினைவிருக்கும். 'புஷ்டி' (pushd), 'பாப்டி' (popd) இரண்டும் பாதைகளை அடுக்கி வைத்துக்கொள்ளும். பாஷ் (bash) என்ற ஷெல்லில் இவை உண்டு, டாஷ் (dash) என்ற ஷெல்லில் கிடையாது.

எனக்குப் பிடித்தது அடைப்புக்குறி. ( சிடி பில்கள் && ... ) என்று எழுதினால் உள்ளே இருப்பது சப்ஷெல்லில், அதாவது தனியான ஒரு துணை ஷெல்லில் ஓடும், பாதியில் பிழை வந்தாலும் முடிந்ததும் நாம் பழைய இடத்திலேயே நிற்போம். உள்ளே மாற்றிய வேரியபிள் மட்டும் வெளியே வராது, பார்த்துக்கொள்ளுங்கள்.