பழவேற்காடு ஏரியில ஓட்டற சின்ன போட்டுக்கு சீட்டும் குஷனும்

சோபாவுக்குப் போடற சாதா ஸ்பாஞ்ச வாங்கிடாதீங்க, நம்ம ஏரி உப்புத்தண்ணிய குடிச்சிட்டு நாற ஆரம்பிச்சிடும், நான் ஒருவாட்டி பட்டாச்சு. தண்ணி உறிஞ்சாத ஈவிஏ ஃபோம் 2 இன்ச் போதும், மேல வெயில் தாங்கற மெரைன் ரெக்சின், தைக்கறவர்கிட்ட காட்டன் நூல் வேணாம் இத்துப்போயிடும் பாலியஸ்டர் நூல்தான்னு முன்னாடியே சொல்லிடுங்க, தையல் ஓட்டை வழியா எப்படியும் தண்ணி இறங்கும் அதனால அடிப்பக்கம் மட்டும் வலைத்துணி வெச்சா வடிஞ்சிடும்.

சீட்டு பலகைக்கு தண்ணி தாங்கற மெரைன் பிளைவுட், ஸ்க்ரூ உப்புத்தண்ணிய நல்லா தாங்கற 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (வெறும் இரும்பு பத்தி பேசவே வேணாம்).

சீட்ட உசரமா தூக்காதீங்க, வெயிட்டு மேல போச்சுன்னா படகு ஆடும், தடா ஊர்ல இருக்கற மாமா பெருசா நாற்காலியே போட்டு இப்ப தரையில உக்காந்துதான் ஓட்டறாரு. குஷன ஒட்டாம வெல்க்ரோல மாட்டுங்க, கழட்டி நல்ல தண்ணில அலசி நிழல்ல காயவெக்கலாம்.