நம்பர் பிளேட்டை நீங்களே மாற்றுகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை பக்கம் ஓடும் காரில் மல்லுக்கு நிற்பது பழைய போல்ட்தான். மழையும் பனியும் மாறி மாறி நனைக்கும் ஊரில் அது துருவேறி இறுகிக் கிடக்கும்.

ஜப்பான் கார்கள் பலவற்றில் 6 மில்லிமீற்றர் போல்ட் இருக்கும். 10ஆம் நம்பர் ஸ்பேனர் பொருந்தும். தலையில் கூட்டல் வடிவப் பிளவு இருக்கிறதே என்று ஸ்குரூ டிரைவரைப் போடாதீர்கள். இறுகின போல்ட்டில் அது வழுக்கிப் பிளவைத் தின்றுவிடும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, காலையில் வளையம் உள்ள பக்கத்தால் பிடித்து, ஒரு மயிரளவு இறுக்கிப் பார்த்த பிறகு தளர்த்துங்கள். துரு உடைவது அந்த முதல் அசைவில்தான்.

போல்ட் சுற்றுகிறது, வெளியே வரவில்லை என்றால் பின்னாலுள்ள பிளாஸ்டிக் நட்டும் கூடவே சுற்றுகிறது. பிளேட்டுக்குப் பின்னால் தட்டை ஸ்குரூ டிரைவரை நுழைத்து, மெல்ல நெம்பிப் பிடித்தபடி திருப்புங்கள். விலை குறைந்த சாமான்தான். புதிய நட் இரண்டை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

பிளேட் உடைந்தாலோ தொலைந்தாலோ, டவுனில் பெயர்ப்பலகை எழுதும் கடையில் அதே மாதிரி அடித்துக்கொள்ளலாம் என்பது ஆபத்தான யோசனை. பிளேட் வரவேண்டியது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலிருந்து. தொலைந்திருந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு. உடைந்த துண்டுகளை எறிந்துவிட வேண்டாம்.

முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள். சிரிக்காதீர்கள், அவசரத்தில் இதையும் மாற்றிப் பூட்டுவார்கள்.

துளை ஒத்துவரவில்லை என்றால் பிளேட்டை பம்பரோடு வைத்தே டிரில் ஓட்டுவதுதான் பெரிய செலவில் முடியும். முன் பம்பருக்குப் பின்னால் ஏசி கண்டென்சரும் ரேடியேற்றரும் இருக்கின்றன. நீளமான போல்ட் போடுவதும் அதே கதை. பொதுவாக 16 மில்லிமீற்றர் நீளம் போதும். இடைத் தகடு ஒன்றை பம்பரில் பூட்டி, பிளேட்டை அதில் பூட்டினால் எழுத்திலோ ஹோலோகிராமிலோ துளை விழாது.

இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பவேண்டாம். குளிரில் பசை சரியாகப் பிடிக்காது. 10 பாகைக்குக் கீழே இறங்கும் நுவரெலியாக் காலையில் ஒட்டினால் பிளேட் ஏதாவதொரு வளைவில் கிடக்கும். ஒட்டியே ஆகவேண்டுமானால் வெயில் ஏறிய பிறகு, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள்.

போல்ட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே நைலோன் வாஷர் போடுங்கள். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம் அரிக்கும். புரியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டமாட்டார். கையால் இறுகியதும் ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் தகடு குழியும், பிளாஸ்டிக் பம்பர் வெடிக்கும். தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் பிளேட்டின் கீழ் மூலைகள் பெயின்டை உரசும், இடையில் சிக்கிய மணல் அரம்போல் அறுக்கும். மூலைக்கு ஒரு துண்டு ஸ்பொஞ்ச் டேப் ஒட்டிவிடுங்கள்.

கறுப்புச் சாயமிட்ட கண்ணாடி மூடி வேண்டவே வேண்டாம். உள்ளே நீராவி படிந்து, மூடுபனியில் இலக்கமே தெரியாது.

கடைசியாக, பார்க் லைட்டைப் போட்டு பின் பிளேட்டின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அங்கே பெரும்பாலும் 12 வோல்ட், 5 வாட் பல்ப்தான். எரியாவிட்டால் பல்பை மாற்றுமுன் ஹோல்டரில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்து, மெல்லிய எமரி தாளால் சுரண்டிவிடுங்கள்.