ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள்

அப்பப்பாவின் ஊரைத் தேடி யாழ்ப்பாணம் போகிற பிள்ளைகளின் கையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பெயர்தான் இருக்கும். பழைய பத்திரத்தில் உள்ள பொயின்ற் பெட்ரோவும் பஸ் நடத்துநர் கூவுகிற பருத்தித்துறையும் ஒன்றுதான். டெல்வ்ற் என்பது நெடுந்தீவு. ஒல்லாந்தர் தங்கள் நகரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். வேலணைக்கு லெய்டன், காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம் என்றும் வைத்தார்கள், அவை நிலைக்கவில்லை.

ஊர்ப்பெயர் மட்டும் போதாது. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. மாவட்டம், குறிச்சி (ஊருக்குள் உள்ள சிறு பகுதி), பக்கத்துக் கோயில் மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராம அலுவலர் பிரிவு எண் தெரிந்தால் இன்னும் நல்லது. யாழ் மாவட்டத்தில் அது 'ஜே' என்று தொடங்கும்.

பெயரின் வால் நிலத்தைப் பற்றியும் சொல்லும். துறை என்றால் படகு வந்தடையும் இடம். கொக்குவில், இணுவில், உடுவில் என்பவற்றில் வரும் வில் நீர்நிலையைக் குறிக்கிறது என்பார்கள். வில்பத்துக் காட்டின் ஏரிகளை இன்றும் வில்லு என்றுதான் அழைக்கிறார்கள். வன்னிக்குள் போனால் குளம், மடு, மோட்டை என்று எல்லாமே தண்ணீர்தான். கார்த்திகை, மார்கழி மழையில் அந்தப் பக்கம் போவதென்றால் பாதையை முதலில் விசாரியுங்கள். கொடிகாமம், வலிகாமம் ஆகியவற்றின் காமம், கிராமத்தின் உறவு; சிங்களத்தில் 'கம' என்பதும் அதுவே. இதைத் தேநீர்க்கடையில் விவாதிக்க வேண்டாம். ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள், பொழுது போய்விடும்.

அப்புறம் உங்கள் பெயர். கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக இருப்பது அநேகமாக அப்பாவின் பெயர், சிலருக்கு அப்பப்பாவின் பெயர். நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. வெளிநாட்டுப் படிவம் கேட்டதால் வந்தது. ஆகவே ஒரே வீட்டுச் சித்தப்பா பிள்ளைகளுக்குக்கூட வேறு வேறாக இருக்கும். ஒழுங்கையில் நிற்கிற அம்மா "நீங்கள் ஆற்றை பிள்ளை?", அதாவது யாருடைய பிள்ளை, என்று கேட்டால் கடவுச்சீட்டுப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அப்பப்பாவின் பெயர், அவர் பார்த்த வேலை, வீட்டில் கூப்பிட்ட பெயர், இவற்றைச் சொல்லுங்கள். "தபால்காரர் வீடு" என்றால் சின்னப்பிள்ளைகூடக் கூட்டிப் போகும்.

காணி தேடுவதென்றால் உறுதியின் (காணிப் பத்திரத்தின்) பிரதியையும் எடுத்துப் போங்கள். யாழ்ப்பாணத்து உறுதியில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் எழுதியிருக்கும். அளவு பரப்பில் இருக்கும். 16 பரப்பு ஓர் ஏக்கர்.