இணையத்தில் முதல் வகுப்பு அமைப்பது எப்படி? ஒரு பிளவுஸ் பாடத்தை வைத்து ஒரு செய்முறை

மும்பை செம்பூரில் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் அதை இணையத்துக்குக் கொண்டுபோக உதவி கேட்டார். நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பாடம் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. காமிரா, விளக்கு பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மூன்று வகை உண்டாமே? மூன்று வகைக்கும் தனித்தனியாக வீடியோ எடுக்க வேண்டுமா?"

வேண்டாம். காரணத்தையும், பிறகு நாங்கள் வகுப்பை அமைத்த வரிசையையும் இங்கே தருகிறேன். உங்கள் பாடம் சமையலோ கணக்கோ வீணையோ, வரிசை பெரிதாக மாறாது.

முதலில் அந்த மூன்று வகைக் கதை

கற்பவர்களை வகை பிரிக்கும் பட்டியல்கள் பல. அதிகம் புழங்குவது 'வார்க்'. நியூசிலாந்துக் கல்வியாளர் நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸுடன் சேர்ந்து 1992இல் அதைப் பற்றி எழுதினார். அதில் வகைகள் நான்கு: பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல். ஒரு கேள்வித்தாளை நிரப்பினால் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று சொல்லிவிடும்.

மனிதர்களுக்கு இப்படி விருப்பங்கள் இருப்பது உண்மைதான். விருப்பத்துக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பது வேறு கூற்று; அதற்குத் தனிச் சான்று வேண்டும். சோதிக்கும் முறை இது: 'பார்ப்பவர்', 'கேட்பவர்' என்று இரு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேருக்குப் படமாகவும் மீதிப் பேருக்குப் பேச்சாகவும் ஒரே பாடத்தை நடத்தி, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். பார்ப்பவர்கள் படத்திலும் கேட்பவர்கள் பேச்சிலும் முந்தினால் கொள்கை நிற்கும். ஹரோல்ட் பாஷ்லரும் மேலும் மூன்று உளவியலாளர்களும் 2008இல், அதுவரை நடந்த ஆய்வுகளை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார்கள். இப்படி முறையாகச் செய்த ஆய்வுகளே மிகக் குறைவு. அவற்றிலும் சில கொள்கைக்கு எதிராக முடிந்திருந்தன. வகைக்கேற்பக் கற்பிக்கப் போதிய சான்று இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

தையல்காரருக்கு இதைப் புரியவைக்க ஆய்வு தேவைப்படவில்லை. கையில் துணி பிடிக்காமல் எந்தக் 'கேட்டுக் கற்பவரும்' கொக்கிப் பட்டி வைக்கப் பழகப்போவதில்லை என்று அக்காவே சொல்லிவிட்டார். ஆகவே வகுப்பை அமைக்கும்போது நான் கேட்கும் கேள்வி இதுதான்: பாடத்தின் இந்தத் துண்டு எப்படிக் காட்டினால் எவருக்கும் விளங்கும்?

படி 1: கடைசி வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்

வகுப்பு முடிந்ததும் மாணவர் என்ன செய்து காட்டுவார்? 'பிளவுஸ் பற்றிப் புரிந்துகொள்வார்' என்று எழுதினால் அடித்துவிடுங்கள். புரிந்ததை யாராலும் பார்க்க முடியாது. நாங்கள் எழுதிய வரி: "தன் அளவுக்கு, லைனிங் இல்லாத, சாதாரண டாட் (உடம்புக்குப் பொருந்த மடித்துத் தைக்கும் மடிப்பு) வைத்த பருத்தி பிளவுஸ் ஒன்றை வெட்டித் தைத்து, போட்டுப் பார்த்து, ஒரு குறையையாவது தானே சரிசெய்வார்."

இந்த வரி வந்ததும் பாதிப் பாடம் தானாக உதிர்ந்தது. துணி வகைகளின் வரலாறு போயிற்று. கட்டோரி, பிரின்சஸ் கட் என்ற பிளவுஸ் வடிவங்கள் இரண்டும் அடுத்த வகுப்புக்குப் போயின. அக்காவுக்கு மனமே இல்லை. கட்டோரிதான் அவர் கைராசி.

படி 2: மாணவர்களிடம் கேட்க வேண்டியவை

வகை பிரிக்கும் கேள்வித்தாளுக்குப் பதில் இவற்றைக் கேளுங்கள். உண்மையில் ஆளுக்கு ஆள் மாறுபவை இவைதான்.

- இதற்கு முன் எதையாவது தைத்திருக்கிறீர்களா? கால் மெஷினா, மோட்டாரா?
- பாடத்தை எங்கே, எந்த நேரத்தில் பார்ப்பீர்கள்?
- ஃபோன் உங்களுடையதா, வீட்டில் பொதுவா?
- தமிழ் படிக்க வருமா, பேச மட்டுமா?

கடைசிக் கேள்வியைப் பார்த்துத் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் வியக்கலாம். மும்பையில் மராத்தி, இந்தி அல்லது ஆங்கில வழியில் படித்து வளர்ந்த தமிழர்கள் ஏராளம். வீட்டில் தடங்கலில்லாமல் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்தில் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்தால் திணறுவார்கள். அதனால் எங்கள் குறிப்புகளில் எண்களும் கோட்டுப்படங்களும் நிறைய, சொற்கள் குறைவு. விளக்கம் குரலில் வரும். கடையில் 'அஸ்தர்' என்று கேட்டுத்தான் லைனிங் துணி வாங்குகிறார்கள் என்பதால் அந்தச் சொல்லையும் சேர்த்தே சொல்கிறோம்.

இரண்டாம் கேள்விக்கு வந்த பதில்கள் வகுப்பின் முகத்தையே மாற்றின. ஒருவர் கல்யாண் போகும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு பார்ப்பார். இன்னொருவர் தாராவியில் ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பார். இருவருக்கும் தேவை, சத்தம் இல்லாமலும் பின்தொடரக்கூடிய வீடியோ. இதைத் தெரிந்துகொள்ள எந்த உளவியல் சோதனையும் உதவியிருக்காது.

படி 3: பாடத்தைத் துண்டாக்கி, துண்டுக்கு ஏற்ற வடிவம் தேடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, இடப்பக்கம் துண்டின் பெயர், வலப்பக்கம் அதற்கு எது பொருந்தும் என்று எழுதுங்கள்.

*அளவு எடுத்தல்.* வீடியோ. தொடக்கத்தில் உடம்பில் அளவு எடுப்பதைவிட, சரியாகப் பொருந்தும் பழைய அளவு பிளவுஸைத் தரையில் விரித்து எடுப்பது எளிது. டேப் எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிகிறது என்பதைச் சொல்லால் விளக்கவே கூடாது, காட்ட வேண்டும்.

*கணக்கு.* மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் நான்கில் ஒரு பங்கு 9, அதோடு லூஸுக்கும் தையலுக்கும் விடும் துணி என்று போகும் கணக்கு வீடியோவில் ஓடி மறைந்தால் யாருக்கும் பயனில்லை. ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள். முதல் எடுத்துக்காட்டில் எல்லா வரிகளும் இருக்கட்டும். இரண்டாவதில் கடைசி வரியை மாணவர் நிரப்பட்டும். மூன்றாவதில் அளவுகள் மட்டும் உங்களுடையவை, மீதி அவருடையது.

*படம் வரைதல்.* கோடு ஒன்றொன்றாக வளர, குரல் உடன் வர வேண்டும். 'கழுத்து இறக்கம்', 'கை வளைவு' போன்ற பெயர்களைப் படத்துக்குக் கீழே பட்டியலாகப் போடாமல் அந்தந்தக் கோட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள். சொல்லும் படமும் அருகருகே இருந்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது. அவரே இன்னொன்றும் சொல்கிறார்: படமும் குரலும் இருக்கும்போது, குரல் சொல்வதை அப்படியே எழுத்தாகவும் திரையில் ஓட்டினால் பெரும்பாலும் இடைஞ்சல். லோக்கலில் சத்தமின்றிப் பார்ப்பவருக்கோ அந்த எழுத்துதான் கதி. இதற்காகத்தான் வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது நிறுத்தக்கூடிய வசனவரி. வீடியோவோடு ஒட்டவைத்துவிடாதீர்கள்.

*வெட்டுதல்.* காமிராவை வெட்டுபவரின் தோளுக்கு மேலே வையுங்கள். எதிரே வைத்தால் இடம் வலம் மாறி, தொடக்கநிலையில் இருப்பவர் இரண்டு இடது கையை வெட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

*நூல் இறுக்கம்.* தைத்த துணியின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டையும் நெருக்கத்தில் எடுத்த புகைப்படங்கள் போதும். கீழ்ப்பக்கம் வளையம் வளையமாகத் தெரிந்தால் முதலில் மேல்நூலைப் பார்க்க வேண்டும். சரியாகக் கோத்திருக்காது, அல்லது இறுக்கம் போதாது. மெஷின் சரியாக ஓடும் சத்தத்தையும் நூல் சிக்கிய சத்தத்தையும் பத்து விநாடி பதிவு செய்து அனுப்பினார் அக்கா. அது எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடம் மெஷினோடு இருப்பவருக்குத்தான் தோன்றும்.

வீடியோ நீளம் பற்றி ஒரு சொல். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டி 'ஆறு நிமிடத்துக்கு மேல் போகாதே' என்பார்கள். அந்த ஆய்வு அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. எவ்வளவு கற்றார்கள் என்பதை அன்று. ஆறு நிமிடம் நல்ல வழிகாட்டி, அவ்வளவுதான். கை இயல்பாக நிற்கும் இடத்தில் வீடியோவையும் நிறுத்துங்கள். பாதிக் கழுத்து வெட்டிய நிலையில் 'தொடரும்' போட வேண்டாம்.

படி 4: பார்க்க வைப்பதைவிட நினைவுகூர வையுங்கள்

சுவாரசியம் என்றதும் பலர் பின்னணி இசையும் பறக்கும் எழுத்தும் சேர்க்கிறார்கள். மாணவரைக் கட்டிப்போடுவது, தானே ஒரு முடிவெடுக்க வேண்டிய கட்டாயம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு குழு உரைப்பகுதியைத் திரும்பப் படித்தது. மற்றது படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் நின்றது சுமார் 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஆகவே ஒவ்வொரு வீடியோவுக்கும் முன்னால் ஒரு சிறு வேலை: குறிப்பை மூடிவைத்து, பழைய செய்தித்தாளில் பின்பக்கத் துண்டை நினைவிலிருந்து வரையுங்கள். பிறகு தாளைத் திறந்து ஒப்பிடுங்கள். முதல் பாடத்தில் வந்ததை மூன்றாம் பாடத்திலும் ஐந்தாம் பாடத்திலும் மீண்டும் கேளுங்கள். மறக்கத் தொடங்கும்போது கேட்பதில்தான் பயன் இருக்கிறது.

கேள்விகள் 'டாட் என்றால் என்ன?' என்ற பாணியில் வேண்டாம். தோள் நழுவி இறங்கும் பிளவுஸின் படத்தைக் காட்டி, எங்கே தவறு என்று கேளுங்கள்: கழுத்து அகலமா, கை நீளமா, இடுப்பு இறுக்கமா? தவறான விடைக்கும் ஒரு வரி விளக்கம் வர வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸில் இதைச் செய்யலாம்.

படி 5: கருவி

பத்துப் பதினைந்து பேருக்கு வாட்ஸப்பும், பட்டியலிடாத (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கக்கூடிய) யூடியூப் வீடியோவும் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: பாடத்துக்கு ஒரு குழு, பேச்சுக்கு இன்னொரு குழு. பாடக் குழுவில் நிர்வாகி மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் பாடம் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். ஆட்கள் பெருகி, யார் எதை முடித்தார் என்று கணக்கு வைக்க வேண்டி வந்தால் இணைய வகுப்பு நடத்த உதவும் மூடுல் என்ற மென்பொருள் பக்கம் போகலாம். அது இலவசம்; அதை நிறுவ இடமும் பராமரிக்க ஆளும் தேவை.

படி 6: செய்ததைத் திருத்துங்கள்

ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் கேளுங்கள்: உள்பக்கத்தைத் திருப்பி, பக்கத்தில் டேப் வைத்து. போட்டுப் பார்த்த படத்தைக் குழுவில் கேட்கவே கூடாது. பொருத்தம் பார்க்க அவசியமென்றால் முகம் தெரியாமல் தனிச்செய்தியில் அனுப்பலாம், அதுவும் விரும்பினால் மட்டும். பதிலில் ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும். ஏழு குறை கண்ணில் பட்டாலும் அடுத்த தையலைக் கெடுக்கும் குறையை மட்டும் சொல்லுங்கள்.

படி 7: இரண்டு பேரிடம் ஓட்டிப் பாருங்கள்

எல்லாப் பாடங்களையும் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு பாடங்கள் தயாரானதும், தையல் தெரியாத இருவரை உங்கள் முன்னால் உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அக்காவுக்கு இதுதான் மிகக் கடினமாக இருந்தது. எங்கே நிறுத்தி பின்னால் ஓட்டுகிறார்கள், எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். போதிய பார்வைகள் சேர்ந்த பிறகு வீடியோவின் எந்த இடம் அதிகம் பார்க்கப்பட்டது என்று காட்டும் யூடியூப் ஸ்டூடியோவின் வரைபடத்திலும் மேடுகள் தெரியும். மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்ட அந்த இடம் பிடித்த இடமாகவும் இருக்கலாம், புரியாத இடமாகவும் இருக்கலாம். மாணவரைக் கேட்டால்தான் தெரியும். எங்களுக்கு மேடு எழுந்தது கை வளைவு வரையும் இடத்தில். அந்த ஒரு துண்டை மட்டும் நெருக்கமாக, மெதுவாக மறுபடி எடுத்தோம். மற்றவற்றைத் தொடவில்லை.