மலைச் சரிவில் வீல்சேர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீல்சேருக்காகச் சாய்தளம் கட்டுவதென்றால் ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது விதிமுறை. நீலகிரி மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையின் உச்சச் சரிவும் கிட்டத்தட்ட இதேதான். அந்தச் சரிவுக்கே ரயிலுக்குப் பல் வைத்த தண்டவாளம் தேவைப்படுகிறது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீட்டு வாசலுக்கு இறங்கும் சிமெண்டுப் பாதைகள் பல இதைவிடச் செங்குத்து. தண்டுவடத்தில் அடிபட்டு, சமவெளி மருத்துவமனையின் வழவழப்பான தரையில் மட்டும் பழகிவிட்டு ஊர் திரும்புவதுதான் முதல் தவறு. வீட்டுப் பாதையை போனில் படமெடுத்து பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். "இதில் ஏறி இறங்கக் கற்றுக்கொடுங்கள்" என்று உரிமையோடு கேளுங்கள்.

இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க பிரேக்கைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த பிரேக் நின்ற வண்டியை நிறுத்தி வைக்க மட்டுமே. ஓடும்போது போட்டால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும், ஆள் முன்னால் விழுவார். முதுகை நன்றாகப் பின்னால் சாய்த்து, இரு கைகளிலும் ஒரே அளவாக அழுத்தி, சக்கரத்தை ஒட்டியிருக்கும் கைவளையத்தை மெல்ல வழுக்க விட வேண்டும். உள்ளங்கையில் தோல் வைத்த கையுறை அவசியம். கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களுக்குக் கையில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். உரசலில் தோல் வெந்தாலும் தெரியாது. மழையிலும் பனிமூட்டத்திலும் வளையம் நனைந்து பிடி நழுவும். அன்றைக்குத் தனியாக இறங்கவே வேண்டாம்.

ஏற்றத்தில் ஆபத்து பின்னால் கவிழ்வது. கடைச் சாமான் பையை முதுகுப்பக்கக் கைப்பிடியில் மாட்டினால் எடை பின்னுக்குப் போய்விடும், முன்சக்கரம் தூக்கும். பையை மடியில் வையுங்கள், உடம்பை முன்னால் சாய்த்துச் சின்னச் சின்னத் தள்ளலாகப் போங்கள். வாய்க்கால் விளிம்பில் இடிக்கிறதென்று, பின்னால் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்களைக் கழற்றிவிடுவதும் வழக்கம். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் நிற்கும் பயிற்சி, ஒருவர் பின்னால் பிடித்தபடி, முழுதாகக் கைவரும் வரை அவற்றைத் தொடாதீர்கள்.

உதவிக்கு வருகிறவர்களும் கற்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் வீல்சேரைத் திருப்பி, உதவுகிறவர் கீழ்ப்பக்கம் நின்று, பின்பக்கமாக இறக்குவதே பாதுகாப்பு. படியில் தூக்கும்போது சட்டத்தைப் பிடியுங்கள். கை வைக்கும் பகுதி கழன்று வந்துவிடும்.

அப்புறம் குளிர். கணப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டுவதும், வெந்நீர்ப் பையைத் தொடையில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். உணர்ச்சியில்லாத தோல் சத்தமில்லாமல் வெந்துபோகும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று, வீல்சேரில் போட்டு உட்காரும், காற்று நிரப்பும் மெத்தை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. கீழே சரியாக இருந்த மெத்தை இங்கே உப்பிக் கெட்டியாகும், உட்கார்ந்தால் உடம்பு ஆடும். அதற்காகக் காற்றை இறக்கிவிட்டு, பிறகு மருத்துவப் பரிசோதனைக்குக் கோவை போகும்போது மெத்தை சூம்பி, எலும்பு நேரே பலகையில் அழுந்தும். படுக்கைப்புண்ணுக்கு அது போதும். மேட்டுப்பாளையம் வந்ததும் உட்காரும் எலும்புக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை காற்று இருக்க வேண்டும். குறைந்தால் அங்கேயே அடித்துக்கொள்ள பம்பைக் கையோடு கொண்டுபோங்கள்.