முகாமில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பது எப்படி? புதிதாக உதவ வருவோருக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் இடம் கைநழுவிப் போவதுண்டு. சான்றிதழில் ஒரு எழுத்து மாறியிருக்கும், ஒரு தேதி தவறியிருக்கும், அல்லது முதல் தவணைப் பணம் கையில் இருக்காது. இந்த மூன்றையும் முன்கூட்டியே சரி செய்துவிடலாம். முகாமில் இருக்கும் ஒரு பட்டதாரி இளைஞரோ அருகிலுள்ள ஒரு ஆசிரியரோ பொறுப்பெடுத்தால் போதும். அப்படிப் பொறுப்பெடுக்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறோம்.

1. ஒரு நோட்டில் எல்லோரையும் எழுதுங்கள்

ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை முகாமில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வேண்டும். படிப்பை நிறுத்திவிட்டு பெயின்டிங் வேலைக்குப் போகும் பையன்களையும் சேர்த்து எழுதுங்கள். ஐடிஐக்கு அவர்களும் தகுதியானவர்களே. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பள்ளி, பாடப்பிரிவு, பெற்றோர் பெயர், எப்போதும் எடுக்கக்கூடிய ஒரு போன் எண். விண்ணப்பத்துக்கான ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். வெளியூர் வேலைக்குப் போகும் அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட்டால் கவுன்சலிங் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மாணவரின் எண்ணையோ அம்மாவின் எண்ணையோ கொடுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு சிம்மை மாற்றக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

2. பெயர்: அதிக நேரம் எடுக்கும் வேலை இதுதான்

முகாம் பதிவேட்டில் அப்பாவின் முழுப் பெயரோடு ஒரு விதம், பள்ளியில் இனிஷியலோடு ஒரு விதம், ஆதாரில் இன்னொரு விதம் என்று இருக்கும். ஆங்கில எழுத்திலும் சிக்கல். கஜன் என்ற பெயரை இலங்கை வழக்கப்படி 'கே'யில் தொடங்கி எழுதியிருப்பார்கள். இங்குள்ள பள்ளி 'ஜி' போட்டிருக்கும். நமக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு ஆட்கள்.

திருத்தும் வரிசை முக்கியம். முதலில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பாருங்கள். பிறகு வரும் எல்லாச் சான்றிதழும் அதைத்தான் பின்பற்றும். பிள்ளை இன்னும் பொதுத்தேர்வு எழுதவில்லை என்றால், பள்ளி பெயர்ப்பட்டியலைப் பதிவேற்றுமுன் தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்துத் திருத்திவிடுங்கள். சான்றிதழ் அச்சானபின் அது தேர்வுத்துறை வரை போகும் வேலை, மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆதாரை அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன பெயர் வரும் என்று உறுதியான பிறகு, எழுத்துக்கு எழுத்து அதைப் பார்த்து ஆதாரை மாற்றுங்கள். வங்கிக் கணக்கை அதற்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. ஒரு கோப்பு, இரண்டு நகல்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், பதினொன்றுக்குத் தந்திருந்தால் அதுவும், டி.சி., ஆதார், முகாம் அடையாள அட்டை, குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, மாணவர் பெயரிலேயே வங்கிப் புத்தகம், ஆறு புகைப்படம். இதோடு வருவாய்த்துறை தரும், டிஜிட்டல் கையொப்பமிட்ட அகதிச் சான்று. பொறியியல் விண்ணப்பத்தில் பதிவேற்ற வேண்டியது அதைத்தான், முகாம் அட்டையின் ஜெராக்ஸ் அதற்கு ஈடாகாது. தேர்வு முடிந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்; முடிவு வந்தபின் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெருக்கும்.

டி.சி. கைக்கு வந்ததும் நாட்டினம் என்ற வரியைப் படியுங்கள். பள்ளியில் பழக்கத்தில் 'இந்தியர்' என்று எழுதிவிடுவார்கள். மற்ற ஆவணங்களில் இலங்கை என்றிருக்கும். அன்றே பள்ளியில் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். விண்ணப்பத்திலும் இலங்கை அகதி என்று குறிக்க இடமிருந்தால் அதையே குறியுங்கள். 'இந்தியர்' என்று போட்டால் சுலபமாக முடியும் என்று பிரவுசிங் சென்டரில் சொல்வார்கள். அது பொய்த் தகவல் ஆகிவிடும், பின்னாளில் பட்டத்தையே பாதிக்கலாம். சாதிச் சான்று கையில் இல்லாமல் ஒதுக்கீட்டுப் பிரிவைக் குறிப்பதிலும் பயனில்லை. சரிபார்ப்பில் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

4. எந்தப் படிப்பு? முதலில் மூடிய கதவுகளைச் சொல்லிவிடுங்கள்

பிள்ளையின் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று மறைப்பவர்கள் உண்டு. மூன்று வருடம் கழித்துத் தெரிய வந்தால் அது இன்னும் பெரிய வலி. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். சட்டம் படிக்கலாம், ஆனால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பொதுவாக இந்தியக் குடியுரிமை கேட்கிறது. எம்பிபிஎஸ் கனவு இருந்தால், நீட் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் மாநில மருத்துவக் கவுன்சலிங் கையேட்டின் தகுதிப் பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள். அங்கும் குடியுரிமை நிபந்தனை குறுக்கே நிற்கும்.

திறந்திருக்கும் பக்கம்: பொறியியல், கலை அறிவியல், பி.காம்., கணினி, பாலிடெக்னிக், ஐடிஐ. தனியார் துறையில் குடியுரிமை கேட்காத வேலைகளுக்குப் போகக்கூடிய படிப்புகளே பாதுகாப்பானவை என்பது எங்கள் கருத்து.

ஐடிஐயைத் தோற்றவர் போகும் இடமாகப் பார்க்காதீர்கள். வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பு. வெல்டர் ஒரு ஆண்டு, மற்ற மூன்றும் இரண்டு ஆண்டு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆக பத்தாம் வகுப்போடு நின்ற பையனுக்கும் பி.இ. வரை வழி இருக்கிறது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

5. விண்ணப்பமும் கவுன்சலிங்கும்

பொறியியலை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அதே வாரத்தில் அரசு கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பித்து வையுங்கள். அதற்கான கட்டணம் சிறியதுதான்.

பொறியியல் இடங்களுக்கான தரவரிசை மதிப்பெண்ணான கட் ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. கணிதம் 84, இயற்பியல் 76, வேதியியல் 80 என்றால் 84 + 38 + 40 = 162. கடந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்ற பட்டியலைப் பார்த்து, 162க்குச் சற்று மேலே முடிந்தவற்றை முதலிலும், அந்த அளவில் முடிந்தவற்றை நடுவிலும், கீழே முடிந்தவற்றைக் கடைசியிலும் வரிசையாக அடுக்குங்கள். பத்து கல்லூரியோடு நிறுத்துவது பெரிய தவறு. நாற்பது, ஐம்பது என்று போடலாம், அதற்குத் தனிப் பணம் இல்லை. ஆனால் கிடைத்தாலும் போக முடியாத கல்லூரியைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சாய்ஸ் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், குறிப்பிட்ட நாட்களுக்குள் ஏற்கிறேனா, மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேனா என்று உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். அந்த நாட்களில் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்.

6. பணக் கணக்கு

2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபடி ஆண்டு உதவித்தொகை பாலிடெக்னிக்குக்கு ரூ.10,000, இளநிலை கலை அறிவியலுக்கு ரூ.12,000, இளநிலைத் தொழிற்படிப்புக்கு ரூ.20,000. பொறியியலில் சேரும் முதல் 50 மாணவர்களுக்கும், முதுநிலை படிப்போர் அனைவருக்கும் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்பதாகவும் அதே அறிவிப்பில் உண்டு. அதனால் கட் ஆஃப் நன்றாக இருக்கும் பிள்ளையின் விவரம் மறுவாழ்வுத் துறைக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

உதவித்தொகை கல்லூரியில் சேர்ந்து, அங்கு படிப்பதற்கான சான்றான போனஃபைடு வாங்கிக் கொடுத்த பிறகு வருவது. சேர்க்கை நாளில் கட்டவேண்டிய பணம் வேறு. குடும்பத்தலைவருக்கு மாதம் ரூ.1,500, மற்ற பெரியவர்களுக்கு ரூ.1,000, 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரூ.500 என்பது அதே அறிவிப்பின்படி முகாம் குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடை. மூன்று பெரியவரும் ஒரு குழந்தையும் உள்ள வீட்டுக்கு மாதம் ரூ.4,000 வரும். இதிலிருந்து திடீரென்று முதல் பருவக் கட்டணம் எடுக்க முடியாது. வங்கிக் கல்விக் கடனும் இந்தியக் குடிமகன் என்ற நிபந்தனையில் நின்றுவிடும். பிளஸ் ஒன் தொடங்கும்போதே மாதச் சேமிப்பு, முகாம் மகளிர் குழுவில் கைமாற்று, வெளியில் உள்ள உதவி அமைப்புக்கு முன்கூட்டிக் கடிதம் என மூன்றையும் ஒன்றாகத் தொடங்குங்கள். ஒன்று தவறினாலும் மற்றது கைகொடுக்கும்.

7. விடுதிக்குப் போகுமுன்

வெளியூர் விடுதியில் தங்கப் போகும் பிள்ளையின் பெயரைக் கல்லூரிப் போனஃபைடோடு முகாம் ஆர்.ஐ.யிடமும் (வருவாய் ஆய்வாளர்) தாசில்தாரிடமும் எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் நகலை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் போனால், தணிக்கையில் ஆள் இல்லை என்று பதிவாகி பணக்கொடையும் பதிவும் சிக்கலாகும். ஒவ்வொரு கல்வி ஆண்டுத் தொடக்கத்திலும் புதிய போனஃபைடு கொடுக்க வேண்டும்.

8. முதல் பருவம்

தமிழ் வழியில் படித்த பிள்ளை பொறியியலில் முதல் பருவக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் திணறும். இரண்டு அரியர் விழுந்ததும் 'பெயின்டிங் போனால் தினக்கூலி வருமே' என்ற எண்ணம் வந்துவிடும். அதே முகாமில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் அண்ணன், அக்கா யாரையாவது ஒவ்வொரு புதிய மாணவருக்கும் துணையாக அமர்த்துங்கள். முதல் உள்தேர்வு முடிந்த வாரத்தில் மதிப்பெண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஒரு பாடத்தில் தவறியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிக்கொடுக்க ஆள் தேடுங்கள். பருவத்தேர்வு வரை விட்டால் பாடங்கள் குவிந்துவிடும்.